செல்லாத மூச்சு

தொழிற்சாலையின் மருத்துவ அறையில், பெயின்ட் பிரிவும் பேக்கிங் பிரிவும் நுரையீரல் சோதனைக்காக ஊதிப்போட்ட அட்டைக் குழாய்கள் மேஜை முழுக்கக் கிடக்கின்றன. திரையில் இரண்டு நீலக் கோடுகள் ஒட்டிப் பிறந்தவைபோல நெளிகின்றன. “பாருங்க, ரெண்டு பிரிவுக்கும் நுரையீரல் ஒரே மாதிரிதான். பெயின்ட்டால ஒரு பாதிப்பும் இல்ல” என்று பல்லைக் காட்டுகிறார் மேலாளர். முடிவைச் சரிபார்க்க வந்த புள்ளியியல்காரி திரையைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே, வெயில் விழும் பெஞ்சில், பெயின்ட் கறை படிந்த சட்டைகள் குனிந்து குனிந்து இருமுகின்றன. “அவங்க எந்தக் கணக்குல சார்?” “ஊதும்போதே இருமிட்டாங்கம்மா. பாதியில நின்னது செல்லாது, கணக்குலேர்ந்தே எடுத்துட்டோம்.” சொல்லிவிட்டு, சத்தம் பொறுக்காமல் எழுந்து கதவைச் சாத்துகிறார். அவள் விடுவிடுவென்று போய் அதை அகலத் திறக்கிறாள். தன் நாற்காலியையே இழுத்து முட்டுக்கொடுக்கிறாள். “இப்பச் சொல்லுங்க சார், ரெண்டும் ஒண்ணுதானா?”