காருக்குப் போர்த்திய கம்பளி

நெட்டுக்குப்பத்துக் கட்டுமரமெல்லாம் வாடைக்குப் பயந்து கரையேறிப் படுத்திருந்த ஒரு மார்கழியிலே, ஒரு பாய் இருந்தார். பாய்க்கு ஒரு கார் இருந்தது. காருக்கு ஒரு கம்பளி இருந்தது.

காரைக் கிளப்புகிற கோதண்டத்துக்குத்தான் கம்பளி இல்லை.

பாய் பேர் ஹபீபுல்லா. கருவாட்டு வியாபாரி. கார், வெள்ளைக்காரன் ஒருத்தன் கப்பலேறும்போது தள்ளிவிட்டுப் போனது. மூட்டை ஏற்றி ஏற்றி அதுவே பாதிக் கருவாடாகியிருந்தது. பனி இறங்கிவிட்டால் விடியற்காலையில் எழுந்திருக்காது. கோதண்டம் முன்னால் நின்று ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவான். கார் இருமும், துப்பும், மறுபடி படுத்துக்கொள்ளும். இவன் சட்டை நனைந்த பிறகுதான் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் புறப்படும்.

போன வருஷம் வரை ராத்திரியில் பானெட்டுக்கு மேலே கோணிச்சாக்குதான் கிடந்தது. இந்த வருஷம் பாய் சிவப்புக் கரை போட்ட புதுக் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து, நாலு பக்கமும் இழுத்துச் செருகிப் போர்த்தினார்.

குப்பமே சிரித்தது. சிவந்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கோதண்டத்தின் பெண்சாதி. பிள்ளை பெற்று இன்னும் தலைக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. கீற்றுச் சந்தெல்லாம் காற்று நுழைகிற குடிசை.

“மன்சன் குளுர்ல வெறச்சிக்கினு கெடக்குறான், பாயி வண்டிக்குப் போத்தி வுடுறாரு. காரு இன்னா, புள்ளையா பெத்துச்சு?”

“சும்மா இரு.”

“புள்ள பொறந்ததும் உன்னைக் கூப்பிட்டு இன்னா வேணும்னு கேட்டாரே, அப்ப ஒரு போர்வ கேக்கறதுக்கு இன்னா?”

“கைநீட்டி வாங்கறது எங்க வூட்டுப் பழக்கமில்ல.”

மறுநாள் காலையில் கம்பளி கோதண்டத்தின் குடிசையில் இருந்தது.

கைநீட்டி வாங்குவது வேறு, எடுத்துக்கொள்வது வேறு என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கைவைத்தவனுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. ஹாண்டிலில் கைவைத்தவனுக்குக் கம்பளியில் பங்கு கிடையாதா? முழுக் கம்பளியும் உன் பங்குதானா என்று மனசு திருப்பிக் கேட்டது.

“வண்ணாரப்பேட்டைல வாங்கினேன்,” என்றான் சிவந்தியிடம்.

அவள் மோந்து பார்த்தாள். “இன்னாய்யா, பெட்ரோல் வாசன அடிக்குது?”

“கடை பெட்ரோல் பங்க் பக்கத்துல.”

“இப்ப புள்ளையே பெட்ரோல் வாசன அடிக்குது. வெளக்குகிட்ட கொண்டுபோவ பயமா கீது.”

“வெளிய மட்டும் போத்திக்கினு வராதே. கண்ணு படும்.”

கார் நிற்கிற கொட்டகையில் பாய் வெறும் பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தூக்கிட்டானுங்க, கோதண்டம்.”

“அப்படியா, பாய்?” கோதண்டம் குனிந்து ஹாண்டிலை எடுத்தான்.

“போலீசுக்குப் போவலாமா? செவப்புக் கரை. வூடு வூடா பூந்து பாத்தா தெரிஞ்சுடும். நீ இன்னா சொல்றே?”

“போலீசு எதுக்கு பாய்? வீண் பேஜாரு.”

“அதுவும் சரிதான்.”

அன்றைக்கு அவன் சுற்றிய வேகத்தில் கார் ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது.

அடுத்த நாள் கோதண்டம் எழுந்திருக்கவில்லை. ராவெல்லாம் பிள்ளை அழுகை. வெயில் வந்த பிறகு வாசலில் பாய் குரல் கேட்டு அவன் பதறி எழுவதற்குள், சிவந்தி பிள்ளையோடு வெளியே போய்விட்டாள். மேலே கம்பளி. சிவப்புக் கரை வெயிலில் பளபளவென்றிருந்தது.

கோதண்டம் அவள் பின்னால் போய் நின்றான். திருடன் என்று ஒரு வார்த்தை பாய் வாயிலிருந்து வந்தால் போதும், குப்பத்தில் இனி அவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. காலுக்குக் கீழே இருந்த மணல் அப்படியே தன்னை மூடிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

பாய் கம்பளியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். கோதண்டத்தை மட்டும் பார்க்கவில்லை.

“குளுருக்கு நல்லா கீதா, தங்கச்சி?”

“எனக்கு நல்லாத்தான் கீது, பாய். புள்ளைக்குத்தான் ஆவல. குத்துது. பாருங்க, கன்னமெல்லாம் செவந்துபோச்சு. இந்தாளுக்குத்தான் வெவரம் பத்தாது, கடையில குடுத்தவனுக்குமா தெரியாது? பச்சப்புள்ள கீற வூட்டுக்குப் போவுதுன்னா பாத்துக் குடுக்க வாணாம்?”

பாய் தாடியைத் தடவினார். “குடுத்தவன் யோசிச்சிருக்கணும்தான்,” என்றார் மெதுவாக.

கல்மண்டபம் போகும்வரை பாய் கருவாட்டைப் பற்றியே பேசினார். திரும்பும்போதும் கருவாடுதான். கோதண்டம் உம் கொட்டிக்கொண்டே ஓட்டினான். இதற்குப் போலீசே தேவலை போலிருந்தது.

சாயங்காலம் காரைக் கொட்டகையில் விட்டதும் அவன் தாங்க முடியாமல் ஆரம்பித்தான்.

“பாய், அந்தக் கம்பளி...”

“இரு, வர்றேன்.”

பாய் வீட்டுக்குள் போய்விட்டு வந்தார். கையில் மஞ்சள் பிளானல் துணி. பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்றிருந்தது. விரித்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். அதைக் கவனமாகப் பானெட்டின் நடுவில் வைத்தார்.

கோதண்டம் துணியைப் பார்த்தான், காரைப் பார்த்தான். “இன்னா பாய் இது? பாதி பானெட்டுக்குக்கூடப் பத்தாதே.”

“பத்தும். கம்பளி காருக்குக் குத்துதாம்,” என்று சொல்லிவிட்டு, பாய் திரும்பிப் பார்க்காமல் தொழுகைக்கு நடந்தார்.