துவைக்காத சட்டைகள்

கத்தரிக்கோல் முதல் சட்டையின் காலரைத் தாண்டியபோது டீச்சர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பொதுவாக எல்லோரும் மூடிக்கொள்வார்கள். சிலர் எழுந்து வாசலுக்கே போய்விடுவார்கள்.

பழைய துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பது போர்வைக்காரியின் தொழில். கிழிந்த விரிப்பில் பொம்மை, பழைய ஜீன்ஸில் பை என்று பொழுது போகாமல் தொடங்கியதுதான். ஒருநாள் யாரோ ஒருத்தி, செத்துப்போன அப்பாவின் சட்டைகளைப் போர்வையாக்கித் தரச் சொன்னாள். அதிலிருந்து இந்த வீட்டுக்கு வருவதெல்லாம் போனவர்களின் துணிதான்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம். யாருடையது, எப்படிப் போனார் என்று கேட்க மாட்டாள். கேட்டால் அழுவார்கள், அழுதால் துணி நனையும், ஈரத்துணியில் கத்தரி ஓடாது. ஆரம்பத்தில் அவளும் கூட உட்கார்ந்து அழுதவள்தான். இப்போது ஒன்றும் தோன்றுவதில்லை. தோன்றவில்லையே என்ற கவலையும் இல்லை.

டீச்சர் பார்த்த முகம்தான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், நாலு தெரு தள்ளி வீடு. பேசிப் பழக்கமில்லை.

"போர்வை பெருசா வேணுமா டீச்சர், சின்னதா?"

"போர்வை வேண்டாம். எனக்கு ஒரு கவுன் தைச்சுக் கொடுங்க. மேல மாட்டிக்கிற மாதிரி, தொளதொளன்னு."

"சட்டையையே போட்டுக்கலாமே? நிறையப் பேரு அப்படித்தான் செய்றாங்க."

"போட்டுப் பாத்தேன். அவரு ஈர்க்குச்சி, நான் இப்படி. பட்டன் பாதி வயித்துலயே நின்னுடுச்சு."

சிரிக்க வேண்டிய இடம்தான். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

பழக்க தோஷத்தில் போர்வைக்காரியின் கை பட்டன்களை வெட்டப் போனது. அவற்றைத் தனியாக ஒரு சின்னப் பையில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவது அவள் வழக்கம்.

"பட்டனை எடுக்காதீங்க. அதைத் திருகிக்கிட்டேதான் உக்காந்திருப்பாரு."

"சரி. துவைக்கவும் கூடாது, அதானே?"

"ஆமா. வாசனை போயிடும்."

எல்லோரும் சொல்வதுதான். அடுத்து எடுத்த வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் ஒரு பெரிய காபிக் கறை. தொட்டால் இன்னும் ஈரமாக இருந்தது.

"இது என்ன டீச்சர்?"

"காலையில காபி கொட்டிடுச்சு."

அவள் மேலே கேட்கவில்லை. சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே காபி குடிப்பவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கிய கையை, இறக்கச் சொல்லும்வரை டீச்சர் இறக்கவே இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். பையன் வரான்."

"கூட்டிட்டுப் போகவா?"

"ஆமா. தனி ஆளா உன்னால முடியாதுங்கிறான். இதைப் போட்டுக்கிட்டு ஓட்டிடுவேன்னு காட்டிட்டா, ஒருவேளை விட்டுடுவான்."

"விட்டுடுவாரா?"

"தெரியல."

போர்வைக்காரி தன் போக்கில் ஒரு கணக்குப் போட்டாள். காலியான வீட்டில் புருஷனின் சட்டை வாசனையோடு மிச்சக் காலத்தைத் தள்ளப் பார்க்கிறார் இந்த அம்மா. பெற்ற பிள்ளை அதற்கும் குறுக்கே நிற்கிறான். மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை எடுத்தாள்.

மார்புக்கு நீலச் சட்டை, முதுகுக்குக் கோடு போட்டது, கைக்குக் கட்டம் போட்டது. கறை பட்ட வெள்ளைச் சட்டையின் பையைக்கூட இருந்த இடத்திலேயே விட்டாள். சட்டை சட்டையாகவே தெரிய வேண்டும் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை டீச்சர் வந்து, கட்டியிருந்த புடவைக்கு மேலேயே கவுனை மாட்டிக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்றும் முகத்தைப் பார்க்கவில்லை. மார்பை, கையை, பட்டன்களை மட்டும் பார்த்தார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க. முதல்ல நான் தெரியறேனா, சட்டை தெரியுதா?"

"சட்டைதான் கண்ணுல படுது, டீச்சர்."

"அது போதும்."

அந்தக் குரலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. போர்வைக்காரிக்கு வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சை என்னவோ செய்தது. இந்த அம்மா ஒரு மூச்சு அழுதுவிட்டால் தேவலை என்று இருந்தது. தன் சட்டத்தைத் தானே மீறினாள்.

"சார் தவறி எவ்வளவு நாளாச்சு?"

டீச்சர் கவுனைக் கழற்றவில்லை. அப்படியே வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினார்.

"வீட்டுலதான் இருக்காரு. நான் பக்கத்துல போனா, யாரு நீ, வெளிய போன்னு காபியைத் தட்டி விடுறாரு. நாளைக்குப் பையன் வந்து அவரை ஹோம்ல கொண்டுபோய் விடப்போறானாம்."

போர்வைக்காரி வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"போட்ட சட்டையெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும்மா, கட்டின பொண்டாட்டியைத்தான் யாருன்னு தெரியல."