வளையத்தின் முதுகு

வாருங்கள், நேர்மையுள்ளவர்களே! ஒருத்தியின் உழைப்பு பட்டப்பகலில், மேடை போட்டு, கைதட்டலோடு திருடப்படுவதைக் கண்ணாரக் காணுங்கள்!

கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவரில் தொங்குகிறது ஒரு பூத்தையல் வளையம். மரவளையத்தின் மேல் நீலப் பூத்துணி சுற்றியிருக்கிறது. அதற்குள் இறுகப் பிடித்த வெள்ளைத் துணியில் ஒரு மாதுளங்கிளை, கனிகள் வெடித்துச் சிவந்து நிற்கின்றன. கீழே உள்ள அட்டையில் முதற்பரிசு என்ற சொல்லும், அலங்காரக் கடை முதலாளியம்மாளின் பெயரும். அந்த அட்டையில் எவர் பெயரோ, அவருக்கே கைவினைப் பள்ளியில் ஆசிரியை வேலை.

அந்த அம்மாள் ஊசியில் நூல் கோத்து எத்தனை ஆண்டுகள் ஆயினவோ!

"இது என் வேலை!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள், அந்தக் கடைக்குத் தைத்துக் கொடுக்கும் தையற்காரி. பின்னால், பையை அணைத்தபடி அவளுடைய இளைய நாத்தனார். "எங்க வீட்டு ஜன்னலோரம் மூணு மாசமா உருவானது இது. இந்தம்மா செஞ்சதெல்லாம் ஆணி அடிச்சு மாட்டினதுதான். அதையும் டிரைவர்தான் அடிச்சிருப்பாரு!"

கூட்டம் சிரித்தது. முதலாளியம்மாள் பரிசுக் கோப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். "கூலிக்கு ஓரம் அடிக்கறவ நீ. உனக்கு மாதுளம்பழமெல்லாம் தைக்க வருமா? நானே உட்கார்ந்து தைச்சேன்."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு, நான் பேசிக்கறேன்" என்று அடக்கினாள் தையற்காரி.

நடுவராக வந்திருந்த தலை நரைத்த தையல் டீச்சர் கையமர்த்தினார். "சாட்சி இருக்காம்மா?"

"வளையத்தோட முதுகுலயே இருக்கு, டீச்சர். பின்துணியைப் பிரிங்க. இந்தம்மா நூலைத் தொட்டாலே முடிச்சுதான். எங்க வீட்டுத் தையல்ல முடிச்சே விழாது, நூல் நுனியைத் தையலுக்கடியில சொருகிடுவோம். ஒரே ஒரு முடிச்சு இருந்தாலும் நான் பொய்க்காரி!"

நாத்தனார் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். டீச்சர் வெட்டிப் பார்த்தார். துணி மடிந்ததே ஒழிய அறுபடவில்லை.

"என்னம்மா இது, பல்லு போன கிழவி மாதிரி துணியைச் சப்புது!"

"என்கிட்ட குடுங்க டீச்சர்." வாங்கிய நாத்தனாரின் கையில் அது சரக்கென்று ஓடியது. நான்கே வெட்டு, பின்துணி கழன்று விழுந்தது.

ஒரு முடிச்சு இல்லை!

கூடம் அதிர்ந்தது. முதலாளியம்மாளின் கையிலிருந்த கோப்பை மேசைக்குத் திரும்பியது. ஊசி குத்திய விரல் ஓரிடத்தில், பெயர் பொறித்த அட்டை வேறிடத்தில் என்னும் இந்த அக்கிரமம் இன்றோடு ஒழிந்தது என்று கைதட்டுங்கள்! கை சிவக்கத் தட்டுங்கள்!

தையற்காரி வலக்கையில் பேனாவை இறுக்கிப் பிடித்து, அட்டை கிழியுமளவுக்கு முதலாளியம்மாளின் பெயரை அடித்தாள். "இனிமே இங்க தைச்சவ பேருதான் இருக்கணும்!" என்று தன் பெயரின் முதலெழுத்தை எழுதத் தொடங்கினாள்.

"கொஞ்சம் நில்லும்மா." டீச்சர் இன்னும் வளையத்தின் முதுகை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இழை அத்தனையும் எதிர்ப்பக்கமா ஓடுதே! இது இடதுகைக்காரங்க தையல். என் வலக்கையில வெட்டாத கத்தரிக்கோல் அப்பவே சொல்லிச்சு, எனக்குத்தான் உறைக்கல."

பேனா நின்றது. கைதட்டலும் நின்றது.

உட்காராதீர்கள், நேர்மையுள்ளவர்களே! தைத்தவளின் பெயர் அந்த அட்டையில் ஏறும்வரை ஒருவரும் உட்காராதீர்கள்!

தையற்காரியின் பின்னாலிருந்து ஓர் இடக்கை நீண்டது.

"பேனாவைக் குடுங்க, அண்ணி."