துப்பாக்கி விடாத எண்

எஜமான் தன் துப்பாக்கியால் ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அது யாருடையது என்று காட்டிக்கொடுக்க அதன் உடம்பில் சட்டப்படி பொறித்திருந்த எண்ணை அழிக்க அரத்தை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கொள் தம்பி. எண் போய்விட்டால் உனக்கும் அந்தக் கொலைக்கும் சம்பந்தமே இல்லை," என்றது அரம்.

"செத்தவர் வீட்டில் கேட்பார்களே, அவர்களுக்கு யார் பதில் சொல்வது? எண்ணை விடமாட்டேன், போ!" என்றது துப்பாக்கி.

அரம் ராவ ஆரம்பித்தது. துப்பாக்கிக்கு உயிர் போகிற வலி. ஆனாலும் உடம்பை இறுக்கிக்கொண்டு கிடந்தது. எஜமானுக்குக் கை ஓய்ந்தபோது அரத்தின் பற்கள் மழுங்கியிருந்தன. ஓர் இலக்கம்கூட அழியவில்லை.

"இவ்வளவு ஆழமாகவா பொறித்தார்கள்?" என்று அரம் மூச்சு வாங்கியது.

"அவர்கள் லேசாகத்தான் பொறித்தார்கள். நான்தான் விடவில்லை," என்றது துப்பாக்கி.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. துப்பாக்கி, எண் மேலே தெரியும்படி புரண்டு படுத்தது.