புரிஞ்சிதா?

"இன்னாக்கா, மறுபடியும் ஃபெயிலா?"

மருந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து தீபிகா கேட்டாள். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த ஆன்லைன் கோர்ஸ முடிச்சாதான் சூப்பர்வைசர் ஆவலாம். எனக்கு ஆன்சரெல்லாம் சொல்லிக் குடுத்ததே நீதான். நான் பாஸு, நீ ஃபெயிலு! வேணும்னே தப்பா போடறியா?"

"இன்னொரு தபா படிக்கிறன்டி."

"அதுக்குள்ள அந்தப் போஸ்ட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பாஸ் ஆனதும் எனக்கு வீடியோ எல்லாம் லாக் ஆயிடுச்சி. அப்பாடான்னு இருக்கு. அந்தச் சாரு இருக்காரே, ஒவ்வொரு பாடத்துக்கும் 'இன்னா, புரிஞ்சிதா?'ன்னு நம்மூரு ஆளாட்டம் கேட்டுக்கினு..."

தீபிகா சிரித்தாள். வசந்தா சிரிக்கவில்லை. ஒதியம்பட்டு வந்ததும் இறங்கிக்கொண்டாள்.

வீட்டில் அவள் உட்காரக் காத்திருந்தது போல, மகள் யாமினி ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். வசந்தா செல்போனில் முதல் பாடத்தைப் போட்டாள். கையுறை மாட்டுவது எப்படி என்று நீலச் சட்டைக்காரர் ஒருவர் விளக்கினார். எதிர்ச் சுவரில் மாலை போட்டிருந்த படத்திலும் அதே முகம், அதே நீலச் சட்டை.

பாடம் முடிந்தது.

"இன்னா, புரிஞ்சிதா?"

யாமினி செல்போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கத்தினாள்.

"புரியலப்பா! இன்னொரு தபா சொல்லு!"