பயனர் இரண்டு

வலது கையை ஒரு லேப்டாப்பிலும் இடது கையை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டு அவள் மூன்று எண்ணினாள்.

இரண்டிலும் சேவ் பொத்தான் ஒன்றாக அமுங்கியது.

ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். அவளும் காலையிலிருந்து தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

மேசையில் ஒரு கருப்புப் பெட்டி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில், ஒரு கடையில் உள்ள எல்லோருடைய ஃபைல்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிற பெட்டி. அதற்குள் ஓடும் மென்பொருளின் பீட்டாவை, அதாவது வெளியிடுவதற்கு முந்தைய பதிப்பை, வீட்டிலிருந்தே சோதிப்பது அவள் வேலை. கரூரில் பீட்டாவைப் போட்டுப் பார்த்த ஒரு போட்டோ ஸ்டுடியோவிலிருந்து புகார் வந்திருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் திறந்து எழுதினார்களாம். பட்டியல் மொத்தமும் காலியாகிவிட்டதாம்.

ஆபீஸில் யாரும் நம்பவில்லை. ஆளில்லாமல் தானாகவே எழுதி சேவ் பண்ணும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். ஐந்து மணிக்குள் அவள் நிகழ்த்திக் காட்டாவிட்டால் புகாரை மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை மென்பொருள் ஊரெல்லாம் போய்விடும்.

"வேற ஒரு ஆளை உக்கார வச்சுப் பாருங்க மேடம். வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?" என்றாள் சென்னை ஆபீஸிலிருந்து போனில் ஹரிப்பிரியா.

இருந்தார்.

அடுத்த அறையில், அவள் கணவர்.

எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை. ஒரு நாள் அவர் பதில் சொல்லவில்லை, மறுநாள் அவள் கேட்கவில்லை, அதுவே பழகிவிட்டது. கேஸ் தீர்ந்தால் வாட்ஸ்அப்பில் சொல்வாள். 'சரி' என்று வரும். பதினைந்தடி தூரத்துக்கு அந்தச் 'சரி' எந்தெந்தத் தேசத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறதோ!

மூன்று பத்துக்கு அவர் கதவைத் தட்டினாள்.

"ஒரு நிமிசம் வர்றீங்ளா? ஆபீஸ் வேலைங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சொந்த வீட்டில் அவள் அறைக்கு வர அவருக்குச் சட்டை வேண்டியிருந்தது. அவளுக்கு என்னவோ போலிருந்தது.

பயனர் இரண்டு என்று அவள் உருவாக்கி வைத்திருந்த கணக்கைத் திறந்து, எதிர்ப்பக்கம் உட்கார வைத்தாள்.

"எதாச்சும் ரெண்டு எழுத்து அடிச்சாப் போதுங்க. நான் சொல்றப்ப சேவ் பண்ணுங்க."

"தமிழ்ல அடிக்கலாமா?"

மாற்றிக் கொடுத்தாள்.

ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார். நிறுத்தினார். அழித்தார். மறுபடி அடித்தார்.

அவள் தன் பக்கத்தில் டெஸ்ட், டெஸ்ட் என்று நிரப்பிவிட்டுக் காத்திருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ரெண்டு எழுத்துக்கு இத்தனை நேரமா என்று எரிச்சல்தான் முதலில் வந்தது.

பிறகு பார்த்தாள். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

கடைசியில் விரலை எடுத்துவிட்டு அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

இருவரும் அழுத்தினார்கள்.

ஃபைல் காலியானது. இரண்டு திரையிலும் வெறும் வெள்ளை.

"வந்துருச்சு!" என்று கத்திவிட்டாள்.

கரூர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை. நிறுத்தி, அழித்து, யோசித்து எழுதுகிற ஆளிடம்தான் இந்தக் கோளாறு வரும். ஸ்கிரிப்டுக்கு யோசிக்கத் தெரியாது. நடந்ததெல்லாம் பதிவாகியிருந்த லாகை உடனே அனுப்பினாள். 'சூப்பர் மேடம், இதுவே போதும், ரிலீஸை நிறுத்தியாச்சு' என்று பதில் வந்தது.

நிமிர்ந்தாள். அவர் இன்னும் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அடிச்சது எங்க?"

"போயிருச்சுங்க. போகுதான்னு பாக்கத்தான்..."

"செரி."

எழுந்து போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

அவள் அவர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து தேடினாள். பெட்டி மணிக்கொரு முறை தானாக நகல் எடுத்து வைக்கும். கடைசி நகல் மூன்று மணிக்கு எடுத்தது. அவர் அடித்தது அதற்கப்புறம். அழிந்தவை போய்ச் சேரும் தொட்டியிலும் இல்லை. லாகில் பயனர் இரண்டு எழுதியதன் அளவு மட்டும் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏழெட்டு வரி வந்தது.

எட்டு மாதத்துக்கு அப்புறம் ஏழெட்டு வரி. அதைத் தொலைத்துவிட்டுக் கைதட்டாத குறையாகக் குதித்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி போய்க் கதவைத் தட்டினாள்.

"இன்னொருக்கா பண்ணோணுங்க. ஆபீஸ்ல கேக்கறாங்க."

யாரும் கேட்கவில்லை.

இந்த முறை தன் லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து துண்டித்து வைத்திருந்தாள். ஒருவர் மட்டும் எழுதினால் எதுவும் தொலையாது. எத்தனை நேரமானாலும் காத்திருப்பதாக இருந்தாள்.

அவர் வந்து உட்கார்ந்தார்.

"அவசரமில்லீங்க. நிதானமா அடிங்க."

அவர் விரல் இரண்டு தரம் தட்டியது. மூன்றாவதாகச் சேவ் பொத்தானை அழுத்தியது.

அ, ஆ.

"போதுமா?" என்று கேட்டார்.