ஐந்தரை மணி வாசிப்பு

"மூணாங்கிளாஸ் பொண்ணு டீச்சர்! 'குருவி'ன்னு ஒரு வார்த்தையைப் படிக்க நேத்து முழுசா ஒரு நிமிஷம் ஆச்சு. இங்க எல்லாரும் என்னதான் பண்றீங்க?"

அபிதகுஜாம்பாளுக்குக் கோபம் வந்தால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். அனகாபுத்தூரின் அந்தச் சின்ன ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை ஜெயசீலி, அறையைப் பூட்டப்போனவள், சாவியைத் திருப்பி மறுபடி திறந்தாள். "முதல்ல உள்ள வந்து உக்காருங்க மேடம்."

உட்காரவில்லை. ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு, கிழக்குத் தாம்பரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவளுக்கு அத்தனை சீக்கிரம் ஆறுமா?

போன ஜூனில் ஜெயசீலிதான் கிழக்குத் தாம்பரம் ஃபிளாட்களில் படியேறிப் படியேறி ஆள் பிடித்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு குழந்தை. தினமும் சாயங்காலம் ஃபோன் போட்டு, அது பாடப்புத்தகம் வாசிப்பதைக் கால் மணி நேரம் காது கொடுத்துக் கேட்டால் போதும். வீட்டில் எழுத்து தெரிந்தவர் யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு இப்படி ஒரு ஏற்பாடு.

அபிதகுஜாம்பாளுக்கு வாய்த்தது ஸ்நேகா. முகம் பார்த்ததில்லை, குரல்தான். சொந்த அக்கா கூப்பிட்டால்கூட, "ஆறு மணிக்கு மேல பேசு, என் கொழந்தை படிக்கற நேரம்" என்று வைத்துவிடுவாள். தீபாவளிக்குள் அந்த வாலு கடகடவென்று வாசித்து முடித்து, "இன்னா மேடம், தூங்கிட்டீங்களா?" என்று கேலி வேறு பண்ணும்.

டிசம்பரில் ஒருநாள் "காய்ச்சலா கீது மேடம்" என்று சீக்கிரம் வைத்தது. அதற்கப்புறம் அரையாண்டு லீவு முடியும்வரை ஃபோனை யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தபோது படிப்பு மொத்தமும் போயிருந்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறது. குரலும் கரகரவென்று கம்மிவிட்டது. கேலி இல்லை, சிரிப்பு இல்லை, எதைக் கேட்டாலும் ஒரு "உம்".

"ஜுரம் வந்தா படிச்சதெல்லாம் மறந்துடுமா டீச்சர்? நான் விடமாட்டேன். வீடு எங்கன்னு காட்டுங்க, நேரா போய்ப் பார்க்கறேன்."

ஜெயசீலியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "எந்த ஸ்நேகா மேடம்?"

"நல்லா கேட்டீங்க! நீங்க குடுத்த ஸ்நேகாதான். ஆத்தங்கரைத் தெரு, செல்லம்மா பொண்ணு."

ஜெயசீலி அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். ஒரு பேரின் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் டிசம்பர் இருபத்தொன்று என்று தேதி.

"டெங்கு மேடம். ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் இருந்தா. நான்தான் மாலை வாங்கிட்டுப் போனேன். ரெஜிஸ்டர்ல பேரை அடிச்சவ, உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அபிதகுஜாம்பாளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "என்ன டீச்சர் உளர்றீங்க? நேத்து என்கிட்ட படிச்சா. முந்தாநேத்து படிச்சா. ரெண்டு மாசமா ஒருநாள் விடாம படிக்கறா!"

சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் இத்தனை நாளும் காதோரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது யார்? பிள்ளைகள் போய்விட்ட பள்ளிக்கூடம் வெறிச்சென்று கிடந்தது. கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஏசப்பா" என்று முணுமுணுத்தாள் ஜெயசீலி.

மணி ஐந்து முப்பத்தைந்து. வழக்கமாக ஐந்தரைக்கு அபிதகுஜாம்பாள்தான் கூப்பிடுவாள். இன்றைக்கு அவள் கூப்பிடவில்லை. கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. திரையில் ஸ்நேகா என்று பேர்.

"வேணாம் மேடம், எடுக்காதீங்க!"

ஃபோனை அப்படியே பைக்குள் போட்டுவிடலாமா என்று பார்த்தாள். ஆனாலும் அந்தக் குழந்தை கூப்பிட்டு எடுக்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

ஹலோ கிடையாது. கரகரத்த குரல் நேராக வாசிக்க ஆரம்பித்துவிட்டது. "கு... ரு... வி... கூ... டு... கட்... டி..."

ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"யாரும்மா நீ?" அபிதகுஜாம்பாள் அழுதேவிட்டாள். "என் ஸ்நேகா போயிட்டான்னு சொல்றாங்களே! நீ யாரு?"

வாசிப்பு சட்டென்று நின்றது. அப்புறம் அந்தக் குரல் விம்மியது.

"நான் செல்லம்மா மேடம், அவ அம்மா. நீங்க 'ஸ்நேகா'ன்னு ஆசையா கூப்டீங்க, இல்லேன்னு சொல்ல வாய் வரல. அப்பால நீங்க தப்பைத் திருத்திச் சொல்லச் சொல்ல, ஒரொரு எழுத்தா மனசுல நின்னுச்சு. இதோட நிறுத்திடாதீங்க மேடம், உங்க கால்ல வுழறேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே செல்லம்மா" என்றாள் ஜெயசீலி, தழுதழுத்து. "இந்த வயசுல, இந்த நேரத்துல, எதுக்கு இப்படித் தனியா கெடந்து எழுத்துக் கூட்டற?"

"ஆஸ்பத்திரில படுத்துக்கினு பாப்பா எனக்கு ஒரு லெட்டர் எழுதிச்சு டீச்சர்... அத்த நானே படிக்கணும்."